1838 செப்பு டோக்கன் வாங்கலாமா? (அடிமை ஒழிப்பு டோக்கன்கள், பதக்கங்கள்)

சில்லறைப்பை (மதுரை)

எல்லாருக்கும் வணக்கம். இதுவரைக்கும் நான் சேர்த்ததெல்லாம் நம்ம பக்கத்துச் செப்புதான்: நாயக்கர் காசு, கம்பெனித் துட்டு, கொஞ்சம் தரங்கம்பாடி டேனிஷ் காசு. போன வாரம் ஒரு அமெரிக்க ஏலப் பட்டியல்ல ஒரு டோக்கன் கண்ணில் பட்டுது. சங்கிலி போட்ட கறுப்பினப் பெண் மண்டியிட்டு இருக்கா. சுத்திலும் ஆங்கிலத்தில் "நானும் ஒரு பெண்ணல்லவா, சகோதரியல்லவா" என்ற வாசகம். பின்பக்கம் இலை மாலைக்குள்ள லிபர்ட்டி, சுத்தி யுனைடெட் ஸ்டேட்ஸ் ஆஃப் அமெரிக்கா. வருஷம் 1838.

இது அரசாங்கம் அடிச்சதா, தனியாரா? தனியார்னா நாட்டுப் பேரை எப்படிப் போட்டாங்க? இந்த வகையில வேற என்னென்ன இருக்கு, எங்கேர்ந்து ஆரம்பிக்கலாம்? பெரிய பட்ஜெட் இல்லை. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

செப்புத்துட்டு (கோவை)

தம்பி, தனியார்தான். அமெரிக்காவில் 1837-ல் பெரிய பண நெருக்கடி வந்துது. வங்கிகள் நோட்டுக்குத் தங்கம் வெள்ளி தர மாட்டோம்னு கதவைச் சாத்தினதும், ஜனங்க கையில் இருந்த நல்ல காசையெல்லாம் பதுக்கிட்டாங்க. கடைத்தெருவில் சில்லறைத் தட்டுப்பாடு. அந்த இடைவெளியில் கடைக்காரன், அரசியல்வாதி, விளம்பரக்காரன் எல்லாரும் சென்ட் அளவில் செப்பு டோக்கன் அடிச்சு விட்டாங்க. சேகரிப்பவர்கள் அதுக்கு 'ஹார்ட் டைம்ஸ் டோக்கன்', அதாவது கஷ்ட கால டோக்கன்னு பேர் வெச்சிருக்காங்க. நீ பார்த்தது அதுல ஒண்ணு. சேகரிப்பாளர் பட்டியல் எண் லோ 54, இல்லேன்னா எச்.டி. 81னு தேடு.

அடிச்சது நியூ ஜெர்சி பெல்வில்லில் இருந்த கிப்ஸ், கார்ட்னர் கம்பெனி. வித்தது அமெரிக்க அடிமை ஒழிப்புச் சங்கம். 1837 நவம்பரில் சங்கத்தோட 'இமான்சிபேட்டர்' பத்திரிகையில் விளம்பரமே போட்டாங்க, நூறு டோக்கன் ஒரு டாலர்னு. கணக்கைப் பார்: சென்ட்டுக்குச் சென்ட். வாங்கினவனுக்கு நஷ்டமே இல்லை, சந்தையில் ஒரு சென்ட்டாக் கொடுத்துட்டுப் போயிடலாம். துண்டுப் பிரசுரத்தை ஒருத்தன் கிழிச்சுப் போடுவான். காசை எவன் கிழிப்பான்? அடிமை வெச்சிருக்கிறவன் கல்லாவுக்குள்ளேயும் அது போய் உக்காரும்.

ஆண் உருவம் போட்ட ஜோடியும் வரும்னு அப்பவே அறிவிச்சிருந்தாங்க. ஆனா நாணயச்சாலைத் தலைவர் ராபர்ட் பேட்டர்சன், தனியார் செப்புக் காசு சட்ட விரோதம்னு கிளம்பிட்டார். ஆண் டோக்கன் மாதிரிப் பிரதியோட நின்னு போச்சு. இன்னிக்குக் கோடீஸ்வரங்க விளையாட்டு அது. பெண் டோக்கன் அப்படியில்லை, நிறையவே அடிச்சு நிறையவே புழங்கியிருக்கு. நல்ல நிலையில் சில நூறு டாலர் ஆகும். தேய்ஞ்சது அதைவிடக் குறைவு. எனக்குத் தேய்ஞ்சதுதான் பிடிக்கும். வழவழன்னு புதுசா இருந்தா யாரோ வாங்கின அன்னிக்கே டப்பாவில் போட்டுட்டான்னு அர்த்தம். முழங்காலும் தோளும் தேய்ஞ்சிருந்தா அது வேலை செஞ்சிருக்கு.

தேம்ஸ்கரை (லண்டன்)

அண்ணா சொன்னதோட இந்தப் பக்கத்துக் கதையையும் சேர்த்துக்கோங்க, மூலம் இங்கேதான்.

1787 மே 22. லண்டனில் ஜார்ஜ் யார்டு என்ற சந்தில் ஒரு அச்சுக்கூடம். 12 பேர் கூடி அடிமை வணிக ஒழிப்புக் குழுவைத் தொடங்கறாங்க. அதில் 9 பேர் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர், அந்தக் காலத்தில் நாடாளுமன்றத்தில் உக்கார முடியாதவங்க. ஸ்டாஃபர்ட்ஷையரின் பீங்கான் முதலாளி ஜோசையா வெட்ஜ்வுட்டும் அந்தக் குழுவில் சேர்ந்தார். குழுவோட முத்திரையை அவர் பட்டறையிலேயே சின்ன முட்டை வடிவப் பதக்கமா, வெள்ளைத் தளத்தில் கறுப்பு உருவமா, ஜாஸ்பர் பீங்கானில் செஞ்சு இலவசமாக் கொடுத்தார். "நானும் ஒரு மனிதனல்லவா, சகோதரனல்லவா" என்ற வாசகம் அதுலதான் ஊர் முழுக்கப் பரவிச்சு. 1788-ல் ஒரு பொதி ஃபிலடெல்ஃபியாவில் இருந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளினுக்கும் போச்சு; நல்லா எழுதின துண்டுப் பிரசுரத்துக்குச் சமமா இது வேலை செய்யும்னு அவர் பதில் எழுதினார். பெண்கள் வளையலில் பதிச்சாங்க, கொண்டை ஊசியில் குத்தினாங்க. ஆண்கள் மூக்குப்பொடி டப்பா மூடியில். சட்டையில் பேட்ஜ் குத்திக்கிட்டு அரசியல் பேசற பழக்கத்துக்கு இதுவும் ஒரு பாட்டன்.

அசல் வெட்ஜ்வுட் நம்ம மாதிரி ஆளுங்களுக்கு இல்லை. அதே நிறுவனம் பிற்காலத்திலும் திரும்பத் திரும்பச் செஞ்சிருக்கு, அதையே அசல்னு தலையில் கட்டறவங்க உண்டு. சில்லறைப்பை கேட்ட பட்ஜெட்டுக்குச் சரியா வர்றது 1790-களின் பிரிட்டிஷ் அரைப்பென்னி டோக்கன். அங்கேயும் சில்லறைத் தட்டுப்பாடுதான் காரணம்: அரச நாணயச்சாலை 1775-க்கு அப்புறம் செப்பு அரைப்பென்னி அடிக்கலை, சந்தையில் பாதி கள்ளக் காசு. 1787-ல் ஆங்கிள்சீ தீவின் செப்புச் சுரங்கக் கம்பெனி தன் பென்னியை அடிக்க, அப்புறம் ஊருக்கு ஊர் டோக்கன். இப்ஸ்விச்காரர் ஜேம்ஸ் கோண்டர் 1798-ல் பட்டியல் போட்டதால் 'கோண்டர் டோக்கன்'னு பேர் நின்னுடுச்சு.

நம்ம விஷயத்துக்கு டால்டன், ஹேமர் என்ற இருவர் போட்ட டோக்கன் பட்டியலில் மிடில்செக்ஸ் (லண்டன் வட்டாரம்) 1037-ஐயும் அடுத்தடுத்த எண்களையும் பாருங்க. ஒரு பக்கம் மண்டியிட்ட உருவம், மறுபக்கம் கோத்த இரண்டு கைகள், அடிமைத்தனமும் ஒடுக்குமுறையும் உலகெங்கும் ஒழியட்டும் என்ற வாசகம். பொறுமையாத் தேடினா புழங்கின நிலையில் கட்டுப்படியாகற விலைக்கு வரும்.

கேள்விக்குறி (சென்னை)

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். இத்தனை பதக்கத்திலும் அடிமை மண்டியிட்டே இருக்கான். கையைக் கூப்பிக்கிட்டு மேலே யாரையோ பார்க்கிறான். அந்த மேலே இருக்கிற ஆள்தான் காசை அடிச்சவர், வாங்கினவர், பைக்குள் போட்டுக்கிட்டுப் பெருமைப்பட்டவர். சங்கிலியை அறுத்தவங்க கதை எங்கே?

இன்னொண்ணு. காசும் பதக்கமும் அடிச்ச இங்கிலாந்தின் பர்மிங்காம் பட்டறைகளைப் பத்திச் சேகரிக்கிறவங்க எப்பவும் பெருமையாப் பேசறோம். ஆப்பிரிக்கக் கடற்கரைக்குப் போன துப்பாக்கியும், அங்கே பணமாப் புழங்கின மனில்லா என்ற பித்தளை வளையமும் அதே பர்மிங்காமில்தான் தயாராச்சு. அதே ஊர் சோஹோ நாணயச்சாலையின் மேத்யூ போல்டன், ஜேம்ஸ் வாட்டோடு சேர்ந்து கரீபியன் கரும்புத் தோட்டங்களுக்கு நீராவி எந்திரம் வித்தவர். இதையெல்லாம் ஆல்பத்தில் எந்தப் பக்கத்தில் ஒட்டப் போறீங்க?

செப்புத்துட்டு

கேள்வி சரி. பதிலும் ஆல்பத்திலேயே இருக்கு. மனில்லாவையும் வாங்கு, பக்கத்திலேயே வை. நைஜீரியாவில் 1948 வரைக்கும் அது புழக்கத்தில் இருந்துது, அப்புறம்தான் பிரிட்டிஷ் அரசு டன் கணக்கில் திரும்ப வாங்கி அழிச்சுது. விலையும் அதிகமில்லை. போல்டன் பத்தி நீங்க சொன்னதும் உண்மை. அதே போல்டன்தான் 1791 தேதி போட்ட, மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோன் கம்பெனிக் காசையும் அடிச்சார். ஒரு பக்கம் சிங்கம், மறுபக்கம் குலுக்கற இரண்டு கைகள்: ஒண்ணு வெள்ளையர் கை, ஒண்ணு கறுப்பர் கை. விடுதலையானவங்களைக் குடியேத்தின ஊருக்குன்னு அடிச்ச காசு அது. யாருக்கு எந்திரம், யாருக்குக் காசுன்னு அந்த ஆள் பாகுபாடு பார்க்கலை, காசு கொடுத்தவன் வாடிக்கையாளர்.

மண்டியிடற விஷயத்தில் உங்களோட முழுசா ஒத்துப் போறேன். ஆனா எல்லாத்திலும் இல்லை. 1834-ல் பிரிட்டிஷ் காலனிகளில் அடிமை முறை ஒழிஞ்சதுக்கு பர்மிங்காம் ஜோசப் டேவிஸ் அடிச்ச பதக்கம் ஒண்ணு உண்டு. அதுல ஆள் எழுந்து நிக்கிறான், விலங்கு உடைஞ்சு கிடக்கு. வெள்ளீயக் கலவையில் நிறைய அடிச்சதால் இப்பவும் கிடைக்கும், ஆனா வெள்ளீயக் கலவை நோய் பிடிச்ச மாதிரி புள்ளி புள்ளியா உதிரும். தொடாம வெச்சிருந்தது மட்டும்தான் தேறும்.

வடமராட்சியான் (டொராண்டோ)

அந்த 1834 பதக்கம் என்னட்டை இருக்கு. வெள்ளீயக் கலவைதான், விளிம்பிலை கொஞ்சம் அடி. வாசகத்தை ஒருக்கா கவனமா வாசிச்சுப் பாருங்கோ: பிரிட்டிஷ் ஆட்சிப் பரப்பு முழுதும் காலனி அடிமைத்தனம் ஒழிஞ்சதின்ரை நினைவா, வில்லியம் மன்னற்றை காலத்திலை, 1834 ஆகஸ்ட் 1 எண்டு கிடக்கு.

முழுதும் எண்டா எங்கட ஊருமெல்லோ வரவேணும்? வராது. 1833 சட்டத்தின்ரை 64ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கோ. கிழக்கிந்தியக் கம்பெனியின்ரை நிலங்கள், இலங்கைத் தீவு, சென் ஹெலினா தீவு, இந்த மூண்டுக்கும் சட்டம் செல்லாது எண்டு தெளிவா எழுதி வைச்சிருக்கினம். பர்மிங்காமிலை பதக்கம் அடிச்சு ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிப் பிள்ளையளுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த அதே நாளிலை யாழ்ப்பாணத்திலை அடிமைப் பதிவேடு திறந்தபடிதான் இருந்தது.

இலங்கையிலை தொடக்கம் 1816. பிரதம நீதியரசர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் காலத்திலை, 1816 ஆகஸ்ட் 12க்குப் பிறகு பிறக்கிற அடிமைப் பிள்ளையள் சுதந்திரப் பிள்ளையள் எண்டு உடமைக்காரர் ஒப்புக்கொண்டினம். பிறந்த பிள்ளைக்கு விடுதலை, பெத்த தாய்க்கு இல்லை. முழு ஒழிப்பு 1844ஆம் ஆண்டு 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தோடை. எங்கட பக்கத்திலை அது சாதியோடை பின்னின முறை, அதாலை சட்டம் போனாப் பிறகும் பழக்கம் கனகாலம் கிடந்தது. அதுக்கு ஒரு பதக்கத்தையும் நான் எந்த ஏலத்திலையும் காணேல்லை.

சில்லறைப்பை

அண்ணே, இது எனக்குப் புதுசு. அப்ப மெட்ராஸ் மாகாணத்தில்?

ஓலைச்சுவடி (தஞ்சாவூர்)

1843, ஐந்தாம் சட்டம். அதுவும் எப்படி? அடிமை வைத்திருப்பது குற்றம் என்று அது சொல்லவில்லை. ஒருவரை அடிமை என்று உரிமை கோரி வந்தால் நீதிமன்றம் அந்த உரிமையை ஏற்காது, அவ்வளவுதான். வாங்கி விற்பது தண்டனைக்குரிய குற்றமானது 1860-ன் தண்டனைச் சட்டத்தில். அது நடைமுறைக்கு வந்தது 1862. திருவிதாங்கூர் மன்னர் 1855-ல்தான் ஒழித்தார். தஞ்சைப் பண்ணைகளில் நிலத்தோடு சேர்த்து ஆளையும் எழுதிக் கொடுத்த ஓலைகள் கிடைத்திருக்கின்றன. நமக்குப் பதக்கம் கிடையாது, ஓலைதான்.

இன்னொரு வேடிக்கை. இங்கிலாந்தில் சர்க்கரைப் புறக்கணிப்பு நடந்தபோது கடைகளில் விற்ற சர்க்கரைக் கிண்ணங்களைத் தேடிப் பாருங்கள், ஏலத்தில் அடிக்கடி வரும். "அடிமைகள் உழைப்பில் உண்டாகாத கிழக்கிந்தியச் சர்க்கரை" என்று பொன்னெழுத்தில் இருக்கும். ஆறு குடும்பங்கள் மேற்கிந்தியச் சர்க்கரையை விட்டுக் கிழக்கிந்தியச் சர்க்கரைக்கு மாறினால் ஓர் அடிமை குறைவார் என்று கணக்கும் போட்டிருப்பார்கள். அந்தக் கணக்குப் போட்டவர்கள் நம் பக்கத்து வயலில் யார் வேலை செய்கிறார்கள் என்று கேட்கவில்லை. டோக்கன் அல்ல, ஆனால் இந்தச் சேகரிப்பில் வைக்கத் தகுந்த பொருள் என்றால் நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

கேள்விக்குறி

அந்த 1833 சட்டத்தில் 2 கோடி பவுண்டு இழப்பீடு கொடுத்தாங்களே, அதையும் சொல்லணும். யாருக்கு? உடைமைக்காரருக்கு. அன்றைய அரசின் ஆண்டுச் செலவில் சுமார் 40 சதவீதம். கடன் வாங்கிக் கொடுத்த பணம், கடைசி மிச்சம் அடைஞ்சது 2015-ல். விடுதலையானவங்களுக்குக் கிடைச்சது 'பயிற்சிக்காலம்' என்ற பேரில் அதே முதலாளிக்குக் கூலியில்லா வேலை. அது ஒழிய 1838 ஆகஸ்ட் 1 ஆச்சு.

தேம்ஸ்கரை

அதனால்தான் பிரிட்டிஷ் பதக்கங்களில் 1834, 1838னு இரண்டு தேதி வருது. 1838 போட்டதில் ஜோசப் ஸ்டர்ஜ் உருவம் போட்டது ஒண்ணு இருக்கு. அந்த ஆள் மேற்கிந்தியத் தீவுகளுக்கே நேரில் போய், பயிற்சிக்காலம் எப்படி நடக்குதுன்னு பார்த்து எழுதினவர். 1834 பதக்கத்தையும் 1838 பதக்கத்தையும் ஜோடியா வாங்கறதுதான் முறை. தனியா 1834 மட்டும் வெச்சிருந்தா அரசாங்கம் சொன்ன தேதியை மட்டும் வெச்சிருக்கோம்னு அர்த்தம்.

வடமராட்சியான்

அதோடை கரும்புத் தோட்டத்துக்கு அடுத்த ஆள் ஆர் எண்டும் பாருங்கோ. மொரீசியசிலை 1835 பெப்ரவரி 1 அடிமை ஒழிப்பு நாள், இண்டைக்கும் அங்கை விடுமுறை. அதுக்கு முதல் வருசம் 1834இலையே இந்தியாவிலை இருந்து ஒப்பந்தக் கூலியளைக் கப்பலிலை இறக்கத் தொடங்கிட்டினம், எங்கட தமிழ்ச் சனம் உட்பட. போர்ட் லூயிஸ் அப்பிரவாசி காட் படிக்கட்டு அதுக்கான இடம்.

செப்புத்துட்டு

சங்கிலியை அறுத்தவங்க கதை எங்கேன்னு கேள்விக்குறி கேட்டார் இல்லையா? பதக்கத்தில் தேடாதீங்க, புழங்கின காசில் தேடுங்க. ஹைட்டி. 1791-ல் அடிமைகளே கிளர்ந்து, பன்னிரண்டு வருஷம் சண்டை போட்டு, நெப்போலியன் படையைத் துரத்திட்டு 1804 ஜனவரி 1-ல் தனி நாடுன்னு அறிவிச்சாங்க. அவங்க ஆரம்பக் காலத்து வெள்ளிக் காசில் கிறிஸ்து ஆண்டு கிடையாது. விடுதலையில் இருந்து எண்ணின ஆண்டு: 10, 11, 14ன்னு. 14ன்னா 1817. ஒரு பக்கம் தென்னை மாதிரி ஒரு பனை, துப்பாக்கி, கொடி. மறுபக்கம் வாலைக் கடிக்கிற பாம்பு, அப்புறம் வந்ததில் அந்நாட்டு அதிபர்கள் பெட்டியோன், போயர் தலை. வெள்ளித் தரம் மட்டம், அடிப்பு கோணல்மாணல். அழகில்லைன்னு ஏலத்தில் ஓரமா ஒதுக்குவாங்க. எனக்கு இதைவிடப் பெரிய அடிமை ஒழிப்புப் பதக்கம் தெரியாது. நாங்க ஒழிச்சோம்னு சொந்தக் கையால் எழுதி, கடைத்தெருவில் விட்ட காசு.

1825-ல் பிரான்ஸ் போர்க்கப்பலை நிறுத்தி 15 கோடி ஃபிராங்க் நஷ்ட ஈடு கேட்டுது, இழந்த தோட்டத்துக்கும் அடிமைக்கும் சேர்த்து. 1838-ல் அதை 9 கோடியாக் குறைச்சாங்க. அந்தக் காலத்து போயர் காசை வாங்கினா, பெட்டியில் இதையும் ஒரு சீட்டில் எழுதி வை தம்பி.

கேள்விக்குறி

இதை ஏற்கிறேன்.

பிரியா_காசு (திருச்சி)

எனக்கு ஒரு சந்தேகம். சார்ல்ஸ்டன் அடிமை பேட்ஜ்னு ஒண்ணு விக்கறாங்களே, அதுவும் இந்த வகையில் வருமா? ஒரு பழைய பொருள் கடையில் 'வேலைக்காரர் 1848'னு ஒரு செப்புத் தகடு பார்த்தேன். கடைக்காரர் அமெரிக்க விருந்தாளி விட்டுப் போனதுன்னு கதை சொன்னார். விலை ரொம்பக் குறைவு.

செப்புத்துட்டு

வாங்காதே அம்மா. நூத்துக்குத் தொண்ணூறு போலி, அந்த விலையில்னா நூத்துக்கு நூறு.

தெற்குக் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில், முதலாளி தன் அடிமையை வெளியே கூலிக்கு அனுப்பணும்னா நகராட்சிக்கு வருஷா வருஷம் கட்டணம் கட்டி ஒரு செப்புத் தகடு வாங்கணும். ஊர் பேர், தொழில், எண், வருஷம் எல்லாம் அதில் இருக்கும். வேலைக்காரர், சுமைகூலி, கைவினைஞர், மீனவர், பழக்காரர்னு தொழில். 1800-ல் இருந்து உள்நாட்டுப் போர் வரைக்கும் நடந்துது. சில வருஷத்துத் தகட்டின் பின்னால் லஃபார் என்ற வெள்ளி ஆசாரியின் முத்திரை இருக்கும். கூலி முதலாளிக்குத்தான் போகும். அசல் ஆயிரக்கணக்கான டாலர், அதனால்தான் இத்தனை போலி. வேற ஊர் பேர் போட்டது, வார்த்து எடுத்தது, கேள்விப்படாத தொழில் போட்டது எல்லாம் சுற்றுது.

தேம்ஸ்கரை

அசலே கிடைச்சாலும் நான் வாங்க மாட்டேன். டோக்கனை ஒருத்தர் விருப்பப்பட்டுப் பையில் போட்டார். இந்தத் தகட்டை ஒருத்தர் மேல் கட்டாயமா மாட்டினாங்க. இரண்டையும் ஒரே ஆல்பத்தில் ஒரே மாதிரி உறையில் போட எனக்குக் கை வரலை. வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்தில் வெச்சிருக்காங்க, அங்கே இருக்கட்டும்.

ஓலைச்சுவடி

இதில் நான் மாறுபடுகிறேன். தனியார் சேகரிப்பாளர்கள் தோண்டி எடுத்துப் பாதுகாத்து எண்களைப் பதிவு செய்திராவிட்டால், எந்த ஆண்டில் எத்தனை தொழில் என்ற கணக்கே இன்று இருக்காது. அடிமை ஓலைகளும் அப்படித்தான். குடும்பப் பெட்டிகளில் இருந்தவை எரிக்கப்படாமல் யாரோ வாங்கியதால் நிலைத்தன. வாங்குவது தவறில்லை. காட்சிப் பொருளாக மினுக்கி, கதை கட்டி, விலையேற்றி விற்பதுதான் உறுத்துகிறது.

தேம்ஸ்கரை

அந்த வித்தியாசம் விக்கிறவருக்குத் தெரியணுமே ஐயா. ஏலப் பட்டியலில் 'அரிய தொழில்'னு போட்டு விலையை ஏத்தறாங்க. அரிய தொழில்னா என்ன? பழம் வித்த ஒரு மனுஷன்.

சில்லறைப்பை

விவாதம் நல்லாப் போகுது. இடையில் என் டோக்கன் விஷயம்: விக்கிறவர்கிட்ட எடையும் விளிம்புப் படமும் கேட்டேன். படம் மட்டும் வந்துது. விளிம்பைச் சுத்தி நடுவில் மெல்லிசா ஒரு கோடு ஓடுது. எழுத்தெல்லாம் கொஞ்சம் சோப்பு கரைஞ்ச மாதிரி வட்டமா இருக்கு. படத்தை இணைச்சிருக்கேன்.

செப்புத்துட்டு

விடு. இரண்டு பாதி அச்சில் வார்த்தா அந்தக் கோடு வரும். அடிச்ச காசில் வராது. பெண்ணோட தொடைக்குக் கீழே குண்டூசி முனை அளவில் குழி குழியாத் தெரியுது பார், அது வார்ப்புக் குமிழ். எடையை அவர் ஏன் சொல்லலைன்னும் புரியுது. அன்றைய அமெரிக்கப் பெரிய சென்ட் 10.89 கிராம், குறுக்களவு 28 மில்லிமீட்டர் சுமார். டோக்கன் ஏறத்தாழ அந்தப் பக்கம்தான் இருக்கணும். அமெரிக்காவில் 1973 சட்டப்படி நகல் காசில் 'நகல்'னு ஆங்கிலத்தில் பொறிக்கணும். அதை அரம் வெச்சு ராவிட்டு விக்கிறவங்க உண்டு, ராவின இடம் பளபளன்னு தட்டையாத் தெரியும்.

இன்னொரு நடைமுறைச் சிக்கல். நம்ம ஊரில் 100 வருஷம் தாண்டின நாணயம் 1972 சட்டப்படி தொல்பொருள், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. போலின்னு தெரிஞ்சு திருப்பி அனுப்பணும்னாலும் சுங்கத்தில் விளக்கம் சொல்லி மாளாது. அதனால் வெளிநாட்டு ஏலத்தில் வாங்கறதை, பேர்போன தரச் சான்று நிறுவனம் பெட்டியில் அடைச்சதா மட்டும் வாங்கு. கூடுதல் செலவுதான், தூக்கம் வரும்.

அப்புறம், யாரும் சொல்ல மாட்டாங்க, நான் சொல்றேன்: வந்ததும் புளி போட்டுத் தேய்க்காதே. நம்ம வீட்டில் செப்புன்னா உடனே புளியை எடுத்துடுவாங்க. இருநூறு வருஷத்து மேல்பூச்சு ஒரு நிமிஷத்தில் போயிடும், விலை பாதியாயிடும். பச்சைக் களிம்பு இருந்தா காய்ச்சி வடிச்ச தண்ணியில் ஊற வை, மெதுவா ஒத்தி எடு, அவ்வளவுதான். மெதுமெதுன்னு இருக்கிற பிளாஸ்டிக் உறையும் வேண்டாம், அதுவே களிம்பைக் கிளப்பும்.

கீழக்கரைக் கப்பல் (கீழக்கரை)

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லாரும் பேசறதைப் படிச்சுக்கிட்டே இருந்தேன். சியரா லியோன் பத்திப் பேச்சு வந்ததால் என்கிட்ட இருக்கிறதைச் சொல்றேன். மெக்காலே, பாபிங்டன் கம்பெனி அடிச்ச செப்புப் பென்னி, முன்னால் ஒரு வெள்ளைக்காரரும் ஆப்பிரிக்கரும் நின்னு கை குலுக்கறாங்க, பின்னணியில் குடிசை, ஆடற ஜனங்க. நாம் எல்லாரும் சகோதரர்னு வாசகம், 1807-ல் பிரிட்டன் அடிமை வணிகத்தை ஒழிச்சுதுன்னு குறிப்பு. மறுபக்கம் முழுக்க அரபி.

அரபி எழுத்தைப் பெருக்கிப் படம் எடுத்து வாப்பாவிடம் காட்டினேன். மூணாம் ஜார்ஜ் மன்னர் ஆட்சியில், கிறிஸ்து ஆண்டு 1807-ல் அடிமை விற்பனை தடை செய்யப்பட்டுது, நிச்சயமா நாம் எல்லாரும் சகோதரர் என்பதுதான் சாரம். மேற்கு ஆப்பிரிக்க முஸ்லிம் வணிகர் கையில் போகணும்னு நினைச்சுச் செஞ்ச காசு. செதுக்கினவர் அரபி தெரியாதவர்னு எழுத்தின் வளைவிலேயே தெரியுதுன்னு வாப்பா சொன்னாங்க.

செப்புத்துட்டு

அருமை. அதுதான் சில்லறைப்பைக்கு நான் சொல்ல நினைச்சது. தேதி 1807னு இருந்தாலும் அடிச்சது 1814. இந்த மெக்காலே, சக்கரி மெக்காலே, சியரா லியோனில் ஆளுநரா இருந்து திரும்பினவர், அந்த ஊரோடவே வியாபாரமும் வெச்சிருந்தார். 36 மில்லிமீட்டர், கையில் எடுத்தா கனமா இருக்கும். செப்பில் அடிக்கடி ஏலத்துக்கு வரும். மண்டியிட்ட உருவம் இல்லை, இரண்டு பேரும் சம உயரத்தில் நிக்கிறாங்க. கேள்விக்குறி சாருக்கும் ஆட்சேபம் இருக்காது.

கேள்விக்குறி

ஒருத்தர் கோட்டு சூட்டு, ஒருத்தர் அரைத்துணி. சம உயரம்னு சொல்லலாம்.

சில்லறைப்பை

சரி, 1838 டோக்கனை விட்டுட்டேன். மெக்காலே பென்னிக்குப் பணம் சேர்க்கிறேன். அதுவரைக்கும் கைக்குள்ள அடங்கற மாதிரி ஏதாவது சொல்லுங்க.

தேம்ஸ்கரை

2007-ன் பிரிட்டிஷ் இரண்டு பவுண்டு. டேவிட் ஜென்டில்மேன் வரைஞ்சது. 1807 என்ற எண்ணில் பூஜ்யமே சங்கிலியின் ஒரு வளையம், அது அறுந்து கிடக்கும். விளிம்பில் வெட்ஜ்வுட் வாசகம் அப்படியே சுத்தி ஓடும். 80 லட்சத்துக்கு மேல் அடிச்சதால் புழக்கத்திலேயே கிடைக்கும். ஊரில் யாராவது லண்டனில் இருந்து வந்தா சில்லறையைக் கொட்டச் சொல்லுங்க.

தரங்கம்பாடி சேர்க்கிறீங்கன்னு சொன்னீங்களே, உங்களுக்கு டேனிஷ் 1792 பதக்கமும் பிடிக்கும், ஜானெல்லி செதுக்கினது. முன்னால் ஒரு ஆப்பிரிக்கர் தலை, லத்தீனில் "ஐயோ, நான்" என்ற மாதிரி ஒரு புலம்பல். அடிமை வணிகத்தை நிறுத்தறோம்னு முதல்ல அரசாணை போட்ட ஐரோப்பிய நாடுகளில் டென்மார்க் முன்னாடி நிக்குது, ஆனா அமலுக்கு வர 1803 வரை தவணை. 17ஆம் நூற்றாண்டில் இதே டென்மார்க்கின் கிழக்கிந்தியக் கம்பெனி தரங்கம்பாடித் துறையில் இருந்து ஆளை ஏத்தி அனுப்பியிருக்கு. விலை எட்டாது, படம் போதும்.

வடமராட்சியான்

டால்டன், ஹேமர் புத்தகம் 1910 தொடக்கம் 1918 வரை வந்தது, இப்ப இணையத்திலை ஸ்கேன் பண்ணி இலவசமாக் கிடக்கு. தம்பி, வாங்க முதல் அதை ஒருக்கா புரட்டும்.

செப்புத்துட்டு

பிரேசில் 1988 நூறு குரூசாடோவும் பாரு. அங்கே அடிமை முறை ஒழிஞ்சது 1888 மே 13, அமெரிக்கக் கண்டத்திலேயே கடைசி. நூற்றாண்டுக்கு எஃகில் மூணு விதமா அடிச்சாங்க: ஒண்ணில் ஆண், ஒண்ணில் பெண், ஒண்ணில் குழந்தை. மூணிலும் 'ஆஷே' (உயிர்ச்சக்தி) என்ற வார்த்தை, மேற்கு ஆப்பிரிக்க யொரூபா மொழியில் இருந்து வந்தது. மூணும் தலை நிமிர்ந்த முகம், மண்டியில்லை, சங்கிலியில்லை, நன்றி சொல்ற பாவனை இல்லை. ஒரு சாப்பாட்டு விலைக்கு மூணும் வரும்.

கேள்விக்குறி

அந்த மூணும் சேர்த்து யாராவது கையில் உபரியா வெச்சிருக்கீங்களா? நான் எடுத்துக்கறேன்.

பிரியா_காசு

என்கிட்ட இரண்டு செட் இருக்கு சார். தனிமடலில் வாங்க.